வீட்டிலேயே பிளைவுட் கயாக்: ஆணி இல்லாமல் படகு செய்வது எப்படி?

பிளைவுட் கயாக்குக்கு ஆணி வேண்டாம், தைத்தாலே போதும். 4 மி.மீ. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் இணைத்து, மூட்டுகளில் எபாக்சி பூசி ஃபைபர் கிளாஸ் நாடா ஒட்டுகிறார்கள்.

1963-ல் பிரிட்டனில் இந்த முறையைப் பிரபலமாக்கிய பாய்மரப் படகின் பெயர் 'மிரர்'. ஆதரவளித்த 'டெய்லி மிரர்' நாளிதழின் பெயர்தான் அது.

நம்ம ஊருக்கு இது புதுசா? இல்லை. துறைமுகம் வரும் முன், மெட்ராஸில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலா படகும் தென்னை நார்க் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதினால் வளைந்து கொடுக்கும்.

ஒரே வித்தியாசம்: மசூலாவுக்குத் தையல் உயிர்; கயாக்குக்குப் பசை உயிர். எபாக்சி இறுகியதும் கம்பியின் வேலை முடிந்தது. அதனால் கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொன்னால் நம்பிவிடாமல், மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையைப் பாருங்கள்.

பெயரா? 'மசூலா'வே பொருத்தமா இருக்குமே!