பயணிகள் படகு: எளிதான விதி, தளராத பாதுகாப்பு

பயணிகள் கப்பல்களுக்கான முதல் சர்வதேசப் பாதுகாப்பு உடன்படிக்கை, டைட்டானிக் மூழ்கிய பின் 1914இல் உருவானது. அதே ஆண்டில்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் கடற்கலம் எதுவும் பயணிகள் கப்பல் என்பதே சட்டத்தின் கணக்கு. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை சேவைக்கும் அது பொருந்தும்.

ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு வேறு சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் தனித்தனியே விதி வகுத்தன. ஓரிடத்தில் பதிவான படகு அடுத்த மாநிலத்தில் ஓட அங்கும் அனுமதி பெற வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, ஒரு மாநிலத்தின் பதிவு நாடு முழுவதும் செல்லும். படகு விவரங்கள் ஒரே மின்னணுப் பதிவேட்டில் சேரும், காப்பீடு கட்டாயம். அலையின் உயரத்தை வைத்து நீர்ப்பரப்புகள் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. அமைதியான ஏரிக்கும் அலை புரளும் முகத்துவாரத்துக்கும் ஒரே கட்டுப்பாடு தேவையில்லை என்பதே இதன் நியாயம்.

குறைக்கக்கூடியது அலைச்சலும் இரட்டைப் பதிவும்தான். குறைக்கக் கூடாதது நிலைத்தன்மைச் சோதனை. படகின் தளத்தில் எடைக்கற்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, தொங்கவிட்ட குண்டுநூல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அதைக் கொண்டு படகின் ஈர்ப்பு மையம் கணக்கிடப்படும். மேல்தளத்தில் ஆள் கூடக்கூட அந்த மையம் உயரும். சாய்ந்த படகு நிமிரும் வலுவை இழக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகிலும் அளவுக்கு மீறிய கூட்டம் இருந்தது.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து பக்தர்கள் மீன்பிடிப் படகுகளில்தான் போகிறார்கள். ஆள் ஏற்றுவதற்கென்று கட்டப்படாத படகுகள் என்பதால், புறப்படும் முன் சோதனையும் உயிர்காப்பு அங்கியும் அங்கே இன்னும் முக்கியம்.

விதி எளிமையானால் பயணியும் அதைச் சரிபார்க்க முடியும். முதுகுளத்தூரிலிருந்து காரங்காட்டுக்கோ குருசடைத் தீவுக்கோ படகேறப் போகிறவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும்: அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் ஆள் ஏறியிருக்கிறார்களா, எல்லோரும் அங்கியை அணிந்து கட்டிவிட்டார்களா? இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் படகில் ஏறாதீர்கள்.