நெஞ்சு நோவும் நாம் வாழும் சூழலும்

நெஞ்சில் நோ கண்டால் எமது கிராமங்களில் முதலில் சொல்லப்படுவது "வாய்வு" என்பதுதான். ஓமத் தண்ணீர் குடித்து, விடிந்ததும் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிறோம். இருதய வருத்தம் கதிரையில் இருந்து வேலை செய்பவருக்குத்தானே, மண்வெட்டி பிடிப்பவனுக்கு ஏன் வரப்போகிறது என்று கேட்போரும் உளர்.

வருகிறது. இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் நோயாளரை ஏனைய நாட்டவருடன் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வொன்று, எம்மவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகக் கண்டது. ஏனையோருக்கு அது ஏறத்தாழ 59. புகைத்தல், பிரஷர், சலரோகம் ஆகியவற்றோடு மன அழுத்தமும் காரணங்களில் ஒன்று.

மன அழுத்தத்தை வெறும் கவலை என்று எண்ணிவிடக் கூடாது. ஓயாத பயத்தினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. லெபனானில் யுத்த காலத்தில் பெய்ரூட் நகரைப் பிரித்த எல்லைக் கோட்டைக் கடந்து போய்வந்தவர்களிடம் இருதய நாடி அடைப்பு கூடுதலாகக் காணப்பட்டதென 1989இல் ஆய்வாளர் எழுதினர். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்ற எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2009 ஜனவரி 21 அன்று பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட பரப்பினுள் உடையார்கட்டும் இருந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த சனம் அங்கே தறப்பாளின் கீழ் நெருங்கிக் கிடந்தது. எறிகணை அங்கும் விழுந்தது. அப்படி ஓடியவரின் கையில் கிளினிக் கொப்பி இருந்திருக்குமா? பிரஷர் குளிசை இருந்திருக்குமா? இருதயத்துக்கான சில குளிசைகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. அயலவரின் குளிசையை வாங்கிப் போடுவதும் எம்மிடம் உண்டு. கொடுப்பவரின் மனம் நல்லதுதான், குளிசை பொருந்த வேண்டுமே!

நெருக்கம் சிறுவரின் இருதயத்தையும் தொடும். ஒரே கொட்டிலில் பலர் படுக்கும்போது தொண்டை நோ எளிதில் பரவும். அதைக் கவனியாது விட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து, மூட்டுகள் வீங்கி, பின்னர் இருதய வால்வு பழுதடைகிறது. இவர்களுக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பல வருடங்களுக்குப் பெனிசிலின் ஊசி போடவேண்டும். இடம்பெயர்வில் முதலில் அறுவது இந்த ஒழுங்குதான். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டு ஊர் திரும்பிய பின்னும், விட்ட இடத்திலிருந்து தொடராத பிள்ளைகள் இருக்கலாம். இப்போது அவர்கள் வளர்ந்தவர்கள். மாடியேறாமலே மூச்சு வாங்கினால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

குசினிப் புகையும் சும்மா விடுவதில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றிலொன்று இருதய நாடி நோயால். ஈர விறகைத் தவிர்த்து, புகை வெளியேற கூரையில் வழி விட்டாலே ஓரளவு குறையும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெக்கையும் இருதயத்துக்குப் பாரம்தான். உச்சி வெயிலில் வயலில் நிற்காதிருப்பது நல்லது.

மாரடைப்பு என்பது இருதய நாடியை இரத்தக்கட்டி அடைப்பது. அதைக் கரைக்கும் மருந்தை முதல் சில மணித்தியாலங்களுள் ஏற்றினால்தான் நல்ல பயன். பன்னிரண்டு மணித்தியாலம் கடந்தால் பயன் மிகக் குறைவு. ஆகவே நெஞ்சு இறுகி, வியர்த்து, நோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் விடியும்வரை காத்திராதீர்கள்; சைக்கிளிலும் போகாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வடக்கில் 2018 முதல் இச்சேவை உண்டு, காசு இல்லை. வரும்வரை நோயாளியை நடக்க விடாது சாய்த்து இருத்தி, கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.