சட்டத்தில் தங்கிவிட்ட ‘மிஸ்சீஃப்’

‘மிஸ்சீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைய பேச்சில் பொருள் குறும்பு, சேட்டை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அது கேட்டையும் கெட்ட முடிவையும் குறித்தது. பிள்ளைக் குறும்பு என்ற பொருள் பல நூற்றாண்டு கழித்தே வந்து ஒட்டிக்கொண்டது. பேச்சில் தேய்ந்துபோன மூலப்பொருள் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 425ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது.

மெக்காலே தலைமையில் 1837இல் வரையப்பட்டு 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே அந்தப் பிரிவுக்கு மூலம். அதை ஒட்டி மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களில் 1871இலும், இலங்கையில் 1883இலும் சட்டம் இயற்றப்பட்டது.

ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ இழப்பு நேரும் என்று தெரிந்தே ஒரு பொருளை அழிப்பதும், அதன் மதிப்பையோ பயனையோ குறைப்பதும் மிஸ்சீஃப். இதில் யாருக்கும் ஆதாயம் கிடைத்திருக்க வேண்டியதில்லை. திருட்டிலிருந்து இது வேறுபடுவது அங்கேதான். சட்டமே தரும் எடுத்துக்காட்டுகள் தெளிவானவை: பிறர் மோதிரத்தை வேண்டுமென்றே ஆற்றில் எறிவது, பயிரை அழிக்க மாட்டை அடுத்தவர் வயலில் விடுவது. காப்புறுதி நிறுவனத்துக்கு இழப்பு வர வேண்டும் என்று தன் கப்பலைத் தானே மூழ்கடித்தாலும் இதே குற்றம்தான்.

மலாய்ச் சட்டநூலில் இதற்கான சொல் ‘கியானாட்’. துரோகத்துக்கும் மலாயில் அதே சொல் என்பதால், வழக்குத் தாளில் அதைக் காணும் குடும்பங்கள் குழம்ப இடமுண்டு. கம்போங் மேடான் அடுக்குமாடி ஒன்றில் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஆட்கள் கடனாளியின் கதவில் சிவப்புச் சாயம் வீசினால், போலீஸ் முதலில் பார்ப்பது 427ஆவது பிரிவைத்தான். மின்தூக்கியை உடைக்கும் இளைஞனுக்கும் அதே பிரிவு பொருந்தும். சேதம் 25 வெள்ளியை எட்டினாலே போதும்: ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்றைய விலைவாசியில் ஒரு சன்னல் கண்ணாடிகூட அந்தத் தொகைக்குள் அடங்குவது அரிது. விளையாட்டாகச் செய்ததாகப் பிள்ளைகள் சொல்லும் பல செயல்கள் இதற்குள் வந்துவிடும் என்பதைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் பழைய சட்டத்தில் இந்த வரம்பு 50 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில், இரண்டாண்டுச் சிறைக்கு உரிய குற்றமாக வேண்டுமானால் சேதம் 20,000 ரூபாயையாவது தொட வேண்டும். மலேசியாவும் தன் வரம்பை உயர்த்துவது நியாயம். தீ வைத்துச் செய்யும் சேதத்துக்கு மட்டும் சலுகை கூடாது. அதற்கான 435ஆவது பிரிவில் 14 ஆண்டுவரை சிறை உண்டு. குறி வைத்தது வீடாக இருந்தால், 436இன்படி 20 ஆண்டுவரை.