யாருடைய வெற்றிக்குக் கைதட்டுவது?



ஜெயங்கொண்டம் என்றால் வெற்றி கொண்ட ஊர் என்று பொருள். பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட சோழர்களின் கொடியில் புலி இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், இலங்கையில் தமிழ் ஈழம் கேட்டு ஆயுதம் ஏந்திய இயக்கமும் புலியையே தன் கொடியில் வைத்தது. இலங்கை அரசின் கொடியிலோ வாளேந்திய சிங்கம். இலங்கைக் கிரிக்கெட் அணியின் சின்னமும் சிங்கமே. ஆகவே நம் ஊர் டீக்கடைத் தொலைக்காட்சியில் இலங்கை ஆடும்போது அது மற்ற ஆட்டங்களைப் போல் இருப்பதில்லை. முத்தையா முரளிதரனின் பழைய பந்துவீச்சைக் காட்டினால் ஒருவர், "நம்ம ஆளுய்யா!" என்பார். இன்னொருவர், "எந்தக் கொடிக்குக் கீழே நின்னு போட்டாரு? அதைச் சொல்லு" என்பார்.

இதில் முன்னவரைத் துரோகி என்றோ பின்னவரை வெறியர் என்றோ முடிவு கட்டுவதற்கு முன், இருவருடைய பேச்சுக்கும் பின்னால் இருக்கிற வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

1948 மார்ச் மாதம், டான் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடியது. அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம் என்ற தமிழர். முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் 215 ரன் குவித்தவர். இலங்கை சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கூட ஆகவில்லை. நாட்டின் அணிக்குத் தமிழர் தலைவராக இருப்பதில் அன்று யாருக்கும் வியப்பில்லை. ஆனால் அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் அச்சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அவர்களில் நம் வட்டாரத்து வேர் உள்ளவர்களும் உண்டு. கங்காணிகள் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களில் பழைய திருச்சி மாவட்டம் முக்கியமானது. நம் உடையார்பாளையம் தாலுகா அன்று அதற்குள்தான் இருந்தது.

முரளிதரன் இந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றிலிருந்து வந்தவர். பாட்டனார் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர். தந்தை கண்டியில் பிஸ்கட் ஆலை நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தக் குடும்பமும் தாக்குதலுக்கு உள்ளானது. சிறுவன் படித்ததும் பந்து வீசக் கற்றதும் கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையில், பெனடிக்ட் சபைத் துறவியர் வளர்த்த புனித அந்தோனியார் கல்லூரியில். 1995ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டேரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று அடுத்தடுத்து 'நோ பால்' கொடுத்தபோது, அவருக்காக உறுதியாக நின்றவர் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, ஒரு சிங்களவர். 1999இல் அடிலெய்டில் இதே பிரச்சினை எழுந்தபோது, ரணதுங்க தன் அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். தமிழர் ஒருவருக்காகச் சிங்களத் தலைவர் உலகின் முன் சண்டை போட்டார். இது உண்மை. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே நாட்களில் தீவின் வடக்கே என்ன நடந்தது என்பதும் உண்மை. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அதைச் சுற்றியும் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் மழையில் இடம்பெயர்ந்தார்கள். 1996 ஜனவரி 31 அன்று விடுதலைப் புலிகள் கொழும்பு மத்திய வங்கியில் வெடிக்க வைத்த குண்டில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களும் எளிய மக்களே. சில நாட்களில் உலகக் கோப்பைப் போட்டிகள் தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. அப்போது ஓர் அரிய காரியம் நடந்தது. இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் சேர்ந்து ஒரே அணியாகக் கொழும்பில் இறங்கி, இலங்கையோடு நட்பு ஆட்டம் ஆடினார்கள். வாசிம் அக்ரமும் சச்சினும் ஒரே அணியில்! நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது.

மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை ஆஸ்திரேலியாவை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. கொழும்பு வீதிகளில் பட்டாசு. அதே நாளில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினர் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாக இருந்தார்கள். வெற்றி பெற்ற அணியில் முரளி இருந்தார் என்பதற்காக அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? மகிழ்ந்தவர் இருந்திருந்தால் அதையும் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்பது சொல்வதற்கு எளிது. ஆனால் கலப்பது பெரும்பாலும் ரசிகன் அல்ல. சனத் ஜயசூரிய 2010இல், இன்னும் ஓய்வு பெறாத ஆட்டக்காரராக இருக்கும்போதே, ஆளும் கூட்டணியின் வேட்பாளராக நின்று நாடாளுமன்றம் சென்றார். முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டு கூட ஆகாத காலம் அது. அரசு வெற்றி வீரர்களைத் தன் மேடையில் ஏற்றிக்கொண்டால், அரசால் காயப்பட்டவர் அந்த வீரர்களை வெறும் ஆட்டக்காரராக மட்டும் பார்ப்பது கடினம். 2013 ஜூனில் கார்டிஃப் நகரில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய அரையிறுதியின்போது புலம்பெயர் தமிழ் இளைஞர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். வேறு சில இளைஞர்கள் வேறு வழி தேடினார்கள். 'தமிழீழம்' என்ற பெயரில் ஒரு கால்பந்து அணி கட்டி, நாடு என்ற தகுதி பெறாத இனங்களுக்கான போட்டிகளில் 2012 முதல் ஆடினார்கள். சொந்தமாகக் கொடியும் சட்டையும் அணிந்து ஓட ஒரு மைதானம் அவர்களுக்குக் கிடைத்தது.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். இங்கேதான் நமக்குக் கொஞ்சம் சங்கடம். 2012 செப்டம்பரில் கொழும்பிலிருந்து நட்புப் போட்டிக்காகச் சென்னை வந்த பள்ளி மாணவர் கால்பந்து அணியைத் தமிழக அரசு திருப்பி அனுப்பியது. அதே நாட்களில், கொள்ளிடத்திற்கு அக்கரையில் உள்ள பூண்டி மாதா திருத்தலத்திற்கு வந்திருந்த இலங்கை யாத்திரிகர்கள் எதிர்ப்பின் காரணமாகப் பாதியில் புறப்பட நேர்ந்தது. திருச்சி விமான நிலையம் செல்லும் வழியில் அவர்கள் பேருந்துகள் தாக்கப்பட்டன. மாதாவிடம் செபிக்க வந்தவர்கள் அவர்கள், அரசாங்கத்தின் தூதர்கள் அல்ல. தமிழ் பேசுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் கடைசி நேரப் புகைப்படங்கள் வெளியானபோது தமிழகமே கொதித்தது. மார்ச் 2013இல் சென்னை இலயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் தொடங்கிய உண்ணாநோன்பு மாநிலமெங்கும் மாணவர் போராட்டமாகப் பரவியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அம்மாதக் கடைசியில் முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய கடிதத்தை அடுத்து, சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் ஆடுவதில்லை என்று முடிவாயிற்று. அந்தத் தடை யாரைத் தொட்டது என்று பாருங்கள். அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிதரனால் சென்னையில் ஆட முடியவில்லை. மூன்று பருவங்கள் சென்னை அணிக்காகவே ஆடியவர், சென்னையில் பெண் எடுத்தவர், தமிழ் பேசுகிறவர். 2020இல் அவர் வாழ்க்கையைப் படமாக்கும் முயற்சிக்கு எழுந்த எதிர்ப்பில், அவரே நடிகர் விஜய் சேதுபதியை விலகிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். போர் முடிவைப் பற்றி முரளி பேசிய சில வார்த்தைகள் பலரைக் காயப்படுத்தின என்பது மெய். மலையகத்துக்காரர் வன்னியின் துயரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்தார் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கோபம் நியாயமானது என்பதால் அது போய்ச் சேரும் முகவரியும் சரியானது என்று ஆகிவிடாது. ஆணையிட்ட தளபதிகளும் அமைச்சர்களும் அந்தத் தடையால் எதையும் இழக்கவில்லை.

இத்தகைய பிளவுபட்ட மனத்தோடு விளையாட்டைப் பார்க்கிறவர்கள் உலகில் நாம் மட்டும் அல்ல. அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியை வளர்த்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களில் பலர் அந்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். கல்லூரியின் பெயரே அயர்லாந்தின் பாதுகாவலருடையது. அந்தத் தீவு 1921இல் இரண்டாகப் பிரிந்தது. தெற்கு தனி நாடானது. பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கில் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டினருக்கும் இடையே முப்பது ஆண்டுகள் இரத்தம் சிந்தியது. கால்பந்தில் இன்றும் இரண்டு அணிகள். ஆனால் ரக்பியில் மட்டும் வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே அணி. பிரிட்டிஷ் அரசரை வாழ்த்துகிறவரும், அந்த ஆட்சியை வெறுக்கிறவரும் ஒரே பச்சைச் சட்டையில்.

அது சும்மா நடந்துவிடவில்லை. 1972இல் வன்முறைக்கு அஞ்சி ஸ்காட்லாந்து, வேல்ஸ் அணிகள் டப்ளினுக்கு வர மறுத்தன. மறு ஆண்டு இங்கிலாந்து அணி வந்தபோது, கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. கொழும்புக்கு வந்த இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். 1987இல் ஐ.ஆர்.ஏ. ஒரு நீதிபதிக்கு வைத்த குண்டில், எதிரே வந்த காரில் பயணித்த மூன்று ரக்பி வீரர்கள் சிக்கினார்கள். அவர்களில் நைஜல் கார் அதன்பின் நாட்டுக்காக ஆடவே இல்லை.

இன்னொரு சிக்கல் பாட்டு. அயர்லாந்துக் குடியரசின் தேசிய கீதம் போர்வீரர்களின் பாடல். பிரிட்டனுக்கு எதிராக எழுந்த பாடல். வடக்கின் புரொட்டஸ்டண்டு வீரர் அதை எப்படிப் பாடுவார்? பாடாமல் நின்றால் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள்? 1995இல் ரக்பிச் சங்கம் ஃபில் கூல்டர் என்பவரைக் கொண்டு எல்லாரும் பாடக்கூடிய புதிய பாடல் ஒன்றை எழுத வைத்தது. வெளிநாட்டில் அதை மட்டும் பாடுவார்கள். டப்ளினில் தேசிய கீதத்தோடு சேர்த்து அதையும் பாடுவார்கள். பாட்டு நன்றாக இல்லை என்று குறை சொல்பவர் அங்கே ஏராளம்! ஆனாலும் பாடுகிறார்கள். ஒருவருடைய மனத்தை மாற்றச் சொல்லாமல், அவருக்காகப் பாட்டில் இடம் செய்தார்கள். 2023 உலகக் கோப்பையின்போது, ஐ.ஆர்.ஏ. குண்டுக்குப் பலியான இரு சிறுவர்களுக்காக எழுதப்பட்ட 'ஸோம்பி' என்ற பாடலை ரசிகர்கள் பாடியபோது, அது யாரைக் குற்றம் சாட்டுகிறது என்று மறுபடியும் வாக்குவாதம் எழுந்தது. காயம் முழுவதும் ஆறிவிடவில்லை.

டப்ளினில் குரோக் பார்க் என்று ஒரு மைதானம் இருக்கிறது. 1920 நவம்பர் 21 அன்று அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். இன்றும் ஒரு பார்வையாளர் மாடம் அவர் பெயரில்தான் உள்ளது. ரக்பி போன்ற அயல் ஆட்டங்களுக்கு அம்மைதானம் வெகுகாலம் மூடியே இருந்தது. 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து அணி அங்கே வந்தது. பிரிட்டிஷ் அரசியின் கீதம் ஒலித்தபோது 80,000 பேர் மரியாதையோடு நின்றார்கள். பிறகு 43-13 என்று இங்கிலாந்தை வென்றார்கள்.

யாழ்ப்பாணத்திலும் அப்படியொரு மைதானம் உண்டு. 1975இல் தமிழ்ப் புதிய புலிகள் இயக்கத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய அரங்கம். 1999இல் அதைப் புதுப்பிக்கத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பின்னர் இந்திய உதவியோடு சீரமைக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. அதே 2016 பிப்ரவரி 4 அன்று, 1949க்குப் பிறகு முதன்முறையாகக் கொழும்பில் சுதந்திர தின விழாவில் இலங்கையின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. இசை ஒன்றே, பொருளும் ஒன்றே, மொழி மட்டும் நம்முடையது. கேட்டவர் பலர் கண்கலங்கினர். 2020 விழாவில் அது நிறுத்தப்பட்டது. தன் மொழியில் பாட விடாத நாட்களில் நாட்டின் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடும்படி ஒருவரைக் கேட்பது எப்படி?

ஆயினும் சில வாசல்கள் திறந்திருக்கின்றன. 2020 டிசம்பரில் நடந்த லங்கா பிரீமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி கோப்பையை வென்றது. அணித்தலைவர் திசர பெரேரா, சிங்களவர். அந்த அணியில் யாழ். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் இடம் பெற்றார். 1904 முதல் புனித யோவான் கல்லூரியோடு 'வடக்கின் பெரும் சமர்' ஆடிவரும் அதே பள்ளி. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் இலங்கைச் சட்டையும் அணிந்தார். மறு ஆண்டு ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆடினார்.

2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே இலங்கை அணி முதன்முதலாக இறங்கும் நாளில், ஆட்டத்திற்கு முன் எந்த மொழியில் கீதம் ஒலிக்கும் என்று அத்தீவின் மக்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். நம் ஊர் டீக்கடையிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.