வெண்டிக்காய்ச் சாறும் எண்ணெய்க் குழாயும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் கண்டிக்கு அருகிலுள்ள கெலிஓயாவின் சிங்கள வீடுகளில் ஆஸ்மி என்னும் பலகாரம் சுடுவார்கள். தவுல்குருந்து இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்தால் வழுவழுப்பான சாறு வரும். அந்தச் சாற்றையும் தேங்காய்ப்பாலையும் விட்டு அரிசிமாவைக் கரைத்து, கொதிக்கும் எண்ணெயில் வழியவிட்டால் மா சொட்டாது; நூல் நூலாக நீளும். இலை கிடைக்காவிட்டால் வெண்டிக்காய் கைகொடுக்கும்.

சாறு அப்படி நீள்வதற்குக் காரணம், அதிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். பாடசாலையில் பல்பகுதியம் என்று படித்தோமே, அதுதான்.

இந்தச் சங்கிலிகளுக்கு இன்னொரு வேலையும் தெரியும் என்பதை 1948இல் நெதர்லாந்தில் நடந்த மாநாடொன்றில் அறிவித்தவர் பிரித்தானிய இரசாயனவியலாளர் டொம்ஸ். குளோரோபென்சீனில் சிறிதளவு பல்பகுதியத்தைக் கரைத்துக் குழாயில் வேகமாகச் செலுத்தினால், வெறும் திரவத்தைவிட இலகுவாக ஓடுகிறது என்றார். பசை சேர்த்தால் ஓட்டம் மந்தமாகும் என்றுதானே நினைப்போம்?

சூட்சுமம் குழாயின் உட்சுவரோரம் இருக்கிறது. வேகமாக ஓடும் நீரில் அங்கே சின்னச் சின்னச் சுழிகள் ஓயாமல் உருள்கின்றன. நீண்ட குழாயில் பம்பியின் வலுவில் பெரும்பங்கை விழுங்குபவை அவைதான். சுருண்டு கிடக்கும் சங்கிலிகள் சுழிகளுக்குள் அகப்பட்டு இழுபடும்போது முரண்டு பிடிக்கின்றன, சுழிகள் அடங்குகின்றன. உராய்வு 80 வீதம்வரை குறையலாம். 1000 லீட்டர் நீருக்கு 20 கிராம் பல்பகுதியம் சேர்த்தாலே பலன் தெரியும். மெதுவாக, அமைதியாக ஓடும் நீரில் சுழியும் இல்லை, பலனும் இல்லை.

நியூயோர்க் தீயணைப்புப் படை இப்படிப் பல்பகுதியம் கலந்த ‘வழுக்கும் நீரை’ப் பயன்படுத்தி, மெல்லிய, பாரம் குறைந்த குழாயிலேயே பெரிய குழாயின் நீரைக் கொண்டுபோனது. அலாஸ்காவின் 1287 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயில் 1979இல் பல்பகுதியம் சேர்க்கத் தொடங்கினார்கள். ராஜஸ்தானில் விளையும் கொத்தவரையின் பசைக்கும், நம் வெண்டிக்காய்ச் சாற்றுக்கும் இதே குணம் உண்டென்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குறையும் உண்டு. பம்பியின் சுழலி சங்கிலிகளை அறுத்துவிடும். அதனால் எண்ணெய்க் குழாய்களில் பம்பியைத் தாண்டிய பிறகே பல்பகுதியத்தைச் செலுத்துகிறார்கள்.

அப்படியானால் கெலிஓயாச் சரிவுகளில் வீட்டுத் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் கொஞ்சம் வெண்டிக்காய்ச் சாறு விடலாமா? வேண்டாம். அந்த மோட்டாரின் மின்சாரம் பெரும்பாலும் உயரத்துக்கே செலவாகிறது. சங்கிலிகள் சுழியைத்தான் அடக்கும். மலையைத் தாழ்த்த அவற்றால் ஆகாது.