சேதராப்பட்டுப் பாறையில் ஒரு சமன்பாடு

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டு என்றதும் பலருக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். புவியியலாளர்களுக்கோ அந்த ஊரும், அக்கம்பக்கத்துக் கரசூரும் வழுதாவூரும் பழைய கடலடி. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரிகளின் சுருள் ஓடுகள் பாறையில் புதைபடிவங்களாகத் தங்கிவிட்டன. கேய், கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய புதைபடிவங்களை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1846-ல் சில இனங்களுக்கு இந்திரன், பிரம்மன் பெயர்களையே சூட்டினார்.

அந்த ஓட்டின் வளைவைக் கணினியில் வரைய வேண்டுமானால் கைவண்ணம் தேவையில்லை. ஓர் எண் போதும்.

கொசுவர்த்திச் சுருளில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே ஒரே இடைவெளிதான். இது ஆர்க்கிமிடீஸ் சுருள். அம்மோனைட்டில் இடைவெளி சுற்றுக்குச் சுற்று பெருகும். மையத்திலிருந்து 2 மி.மீ. தள்ளித் தொடங்கும் ஓடு சுற்றுக்கு இரு மடங்காக வளர்ந்தால், அடுத்தடுத்த சுற்றுகளில் 4, 8, 16, 32 மி.மீ. என்று விரியும். இது மடக்கைச் சுருள். நத்தை போன்ற உயிரிகளின் சுருள் ஓடுகள் இந்தக் கணக்கில் வளர்வதை ஹென்றி மோஸ்லி 1838-லேயே காட்டினார். அந்தப் பெருக்கு விகிதம் உள்ளிட்ட அளவுகளைக் கொண்டு டேவிட் ராப் 1960-களில் அம்மோனைட் ஓடுகளின் வடிவங்களை ஆராய்ந்தார்.

கணினியில் வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் 'ஈக்வேஷன் டிரிவன் கர்வ்' என்ற வசதி இருக்கிறது. கோணத்தை, சுற்றுக்கு இரு மடங்கு வளர்ச்சியைத் தரும் 0.1103-ஆல் பெருக்கி, வரும் விடையை 'எக்ஸ்போனென்ஷியல்' சார்புக்குள் இட்டு, 2-ஆல் பெருக்கினால் ஆரம் கிடைக்கும். அதை காஸ், சைன் இரண்டாலும் தனித்தனியே பெருக்கினால் கிடை, குத்து அளவுகள். தொடக்கம் 0, முடிவு 25.13 என்று கொடுத்தால் நான்கு சுற்றும் வந்துவிடும். இன்னொரு மென்பொருளான ஆட்டோகேடின் 'ஹெலிக்ஸ்' கட்டளை, உயரத்தைச் சுழியாக வைத்தாலும், ஆர்க்கிமிடீஸ் சுருளைத்தான் தரும். மடக்கைச் சுருளுக்கு எக்ஸெலில் 15 பாகைக்கு ஒரு புள்ளி வீதம் கணக்கிட்டு, 'ஸ்ப்லைன்' கட்டளையில் ஒட்டிவிடலாம்.

புதியவர்கள் சறுக்குவது கோணத்தில். இங்கே அது ரேடியன். ஒரு சுற்று 6.283. பாகை என்று நினைத்து 360 கொடுத்தால் 57 சுற்றுக்கு மேல் போகும். ஆரம் சுமார் 35,000 கோடி கி.மீ.! பூமியிலிருந்து சூரியன் இருப்பதோ 15 கோடி கி.மீ. தொலைவில்தான்.

இந்த வளைவுக்குத் தொழிலிலும் வேலை உண்டு. பாகூர்ப் பக்கம் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பின் உறை, வாயை நோக்கி அகன்றுகொண்டே போவதைப் பார்க்கலாம். அச்சுத் திசையில் அகலம் மாறாத உறைக்கு அந்த வளைவைக் கணக்கிட்டால் கிடைப்பதும் மடக்கைச் சுருளே. பாலிடெக்னிக் மாணவர்கள் இதை வரைந்து பழகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் பைதான் மொழியில் சில வரிகள் எழுதினாலே போதும்.