ஆறும்போதுதான் ஆகிறது பிஸ்கட்

வீட்டில் பிஸ்கட் செய்யும் குறிப்புகள் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைப்பதில் தொடங்கி, மைதா சலிப்பது, உருட்டித் தட்டுவது, ஓவனைச் சூடேற்றுவது என்று விலாவாரியாகப் போகும். கடைசியில், ‘வெளியே எடுத்து ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை என்று நீளும் தொழிற்சாலை வட்டாரத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் பையில் வீட்டு பிஸ்கட் வைத்து அனுப்புகிறவர்களுக்கும், அக்கம்பக்கத்தில் ஆர்டர் எடுத்து விற்கிறவர்களுக்கும் காரியம் கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். காலையில் மொறுமொறுவென்று இருந்த பிஸ்கட் நைட் ஷிப்டின் டீ நேரத்தில் நமுத்துப் போயிருக்கும்; இல்லையென்றால் பைக்குள்ளேயே உடைந்து தூளாகியிருக்கும். குறை மாவில் என்று நினைத்து அடுத்த முறை வெண்ணெயைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைத்துப் பார்ப்பார்கள். ஓவன் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஓவனை விட்டு வெளியே வந்த பிறகு நடக்கிறது.

பிஸ்கட் மாவில் தண்ணீர் மிகவும் குறைவு. அதனால் ரொட்டியில் நடப்பதுபோல இதில் மாவுச்சத்து முழுக்க வெந்து இறுகுவதில்லை. பிஸ்கட்டுக்குக் கட்டுக்கோப்பைத் தருவதில் சூட்டில் கரைந்த சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. 160, 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் இருந்துவிட்டு வெளியே வரும்போது அந்தச் சர்க்கரை இன்னும் பாகுதான். கடலை மிட்டாய்ப் பாகு சூடாக இருக்கும்வரை இழுத்த இழுப்புக்கு வருவதும் ஆறியதும் படீரென்று உடைவதும் எதனாலோ, அதனால்தான் ஓவனிலிருந்து எடுத்த பிஸ்கட் விரலால் தொட்டால் குழிகிறது. இதைப் பார்த்து ‘வேகவில்லை’ என்று மறுபடி உள்ளே தள்ளுவதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஓரம் பொன்னிறமாகி, நடு வெளிறி, அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தால் எடுத்துவிடலாம். ட்ரேயில் ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் கையில் எடுக்கும் அளவுக்கு இறுகும். அதற்கு மேல் ட்ரேயில் இருக்கக் கூடாது. உள்ளிருந்து கிளம்பும் ஆவி அடியில் போக வழியில்லாமல் தகரத்தில் பட்டு நீராகி, பிஸ்கட்டுக்கே திரும்பிவிடும். கம்பி வலை இல்லாத வீட்டில் இரண்டு கிண்ணங்களின் மேல் ஒரு சல்லடையைத் தூக்கி வைத்தாலும் போதும். அடியில் காற்று ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சூடான பொருளை ஆறவிடுவதும் தயாரிப்பின் ஒரு கட்டம் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செயின்ட் கோபெய்ன் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2000ஆம் ஆண்டிலிருந்து தட்டைக் கண்ணாடி தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து தகடாகும் கண்ணாடி, ஏறத்தாழ 600 டிகிரிச் சூட்டில் அதை விட்டு வெளியே வரும். உடனே குளிர்ந்த காற்றில் விட்டால் மேல்பரப்பு முதலில் இறுகி, உள்பகுதி பின்னால் சுருங்கி, வெட்டும்போது இஷ்டத்துக்கு உடையும். அதனால் நீண்ட கூடம் ஒன்றின் வழியாக நகர்த்தி, படிப்படியாகச் சூட்டை இறக்குகிறார்கள். பிஸ்கட்டில் அதே வேலையை ஈரம் செய்கிறது. ஓவனிலிருந்து வரும் பிஸ்கட்டின் ஓரம் வறண்டிருக்கும், நடுவில் ஈரம் மிஞ்சியிருக்கும். ஆற ஆற ஓரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து விரியும். நடு ஈரத்தை இழந்து சுருங்கும். இந்த இழுபறியில் மயிரிழை போன்ற விரிசல் விழும். சில நேரம் டப்பாவில் போட்டு ஒரு நாள் கழித்துக்கூட விழும். 1928இலேயே டன், பெய்லி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த விரிசலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரிய பிஸ்கட் ஆலைகளில் ஓவனைவிட நீளமான பாதையில் பிஸ்கட்டை ஆறவிட்டு, பிறகே பாக்கெட்டில் அடைக்கிறார்கள். வெண்ணெய் அதிகமுள்ள வீட்டு பிஸ்கட்டில் விரிசல் குறைவுதான். கொழுப்பு குறைத்து மெல்லியதாகத் தட்டும்போது அதிகம். எப்படியானாலும், அவசரத்துக்குச் சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்து ஆற்றுவது நல்லதல்ல.

சரி, மெதுவாக ஆறட்டும் என்று இரவு முழுக்கத் திறந்து வைத்துவிடலாமா? குளிர்நாட்டுச் சமையல் புத்தகம் படித்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே அது சரி. செம்பரம்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் கடற்காற்றும் சூழ்ந்த நம் பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 70 சதவீதத்தைத் தாண்டும். நல்ல பிஸ்கட்டில் இருக்க வேண்டிய ஈரமோ இரண்டு, மூன்று சதவீதம். அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளக் காற்றுக்குச் சில மணி நேரம் போதும். தீபாவளியும் கிறிஸ்துமஸும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகின்றன. அதாவது, வீடுகளில் அதிகம் பிஸ்கட் சுடும் பருவம்தான் பிஸ்கட்டுக்கு மிக மோசமான பருவம். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும்; ரொம்பத் தாமதித்தால் நமுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சுமார் அரை மணி நேரம். கன்னத்தில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. தெரியாத அந்த நிமிடமே டப்பாவில் போட்டுவிட வேண்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் சேர்த்தவை வெள்ளைச் சர்க்கரை பிஸ்கட்டைவிட வேகமாக ஈரம் இழுக்கும். உடம்புக்கு நல்லது என்று அவற்றைச் சேர்ப்பவர்கள் அதே அளவு நாள் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

‘இதெல்லாம் நல்ல ஓவன் உள்ளவர்களுக்கு, வாடகை வீட்டில் அடுப்பும் கடாயும்தான் இருக்கிறது’ என்று சொல்லலாம். உண்மையில் கடாயில் சுடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கவனம் அதிகம் தேவை. உப்பையோ மணலையோ பரப்பி, அதன் மேல் தட்டு வைத்து மூடிச் சுடும்போது சூடு அடியிலிருந்தே அதிகம் வருகிறது. வெளியேற வழியில்லாத ஆவி பிஸ்கட்டின் மேலேயே நிற்கிறது. அடி கருகி மேல் வெளிறிப் போவது இதனால்தான். கடைசி மூன்று நான்கு நிமிடம் மூடியை ஒரு கரண்டிக் காம்பு அளவுக்குத் திறந்து வைத்து ஆவியைப் போகவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். விலை உயர்ந்த ஓவன் வாங்கியும் சுட்டதைத் தட்டில் குவித்து மூடிவைப்பவரைவிட, கடாயில் சுட்டு ஒழுங்காக ஆறவிடுபவரின் பிஸ்கட் நன்றாக இருக்கும்.

இன்னொரு வாதம் வலுவானது: நமுத்துப் போகாமலிருக்க இன்னும் கொஞ்ச நேரம் சிவக்கச் சுட்டுவிட்டால் என்ன? சிவப்பதும் உலர்வதும் ஒன்றல்ல. மேல்பரப்பு கருஞ்சிவப்பாகி, நடுவில் ஈரம் அப்படியே இருக்கும் பிஸ்கட் உண்டு. மாவுப் பண்டங்களை அதிகம் சிவக்க வைத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினார்கள். ஓவன் இருந்தால் வழி எளிது. சுட்டு ஆறிய பிஸ்கட்டை 100, 110 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் மறுபடி வைத்தால் நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகும். நமுத்துப் போனவற்றையும் இப்படி மீட்கலாம்.

அமெரிக்க பாணி மெது குக்கி கேட்பவர்களுக்கு மொறுமொறுப்பே வேண்டாமே என்றால், அதுவும் ஆறும்போதுதான் தீர்மானமாகிறது: இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, ட்ரேயின் சூட்டிலேயே பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மேலே ஐசிங் பூசுவதென்றால் பிஸ்கட் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மழைநாளில் ஐசிங் காய நெடுநேரம் பிடிக்கும், அதற்குள் அதன் ஈரம் பிஸ்கட்டில் இறங்கிவிடும். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும் என்பதால் சித்திரை வெயிலில் பையில் வைத்து அனுப்ப அது தோதுப்படாது. நம் பக்கத்துக்குச் சுடும் முன்பே மேலே தூவி அழுத்தும் முந்திரி, எள், கொரகொரப்பான சர்க்கரை போதும் என்பேன். அழகுக்கு அழகு, ஈரமும் சேராது.

விற்கிறவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, எதுவரை சாப்பிடலாம் என்று போட வேண்டும். அந்தக் கடைசித் தேதியை ஊகத்தில் எழுதக் கூடாது. ஒவ்வொரு ஈட்டிலும் சில பிஸ்கட்டுகளை, விற்கும் அதே பாக்கெட்டில் அடைத்துச் சமையலறையிலேயே எடுத்து வைத்து, தினம் ஒன்றை ஒடித்துப் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் வளையும் நாள் எதுவோ, அதற்கு முன்பாகவே தேதி முடிய வேண்டும். சித்திரையில் இப்படிக் கண்ட கணக்கு ஐப்பசிக்குப் பொருந்தாது; மழைக்காலத்துக்குத் தனியாக ஒருமுறை பார்த்துத்தான் லேபிளை மாற்ற வேண்டும்.